முதுகு காட்டித் தீட்டிய கண்

கண்டி மலைநாட்டு விகாரைகளில் புத்தர் சிலைக்கு உயிர் வருவது அதன் கண்ணைத் தீட்டும்போதுதான் என்பது மரபு. உடம்பு, சீவரத்தின் மடிப்பு, கை முத்திரை, உதட்டுச் சிவப்பு எல்லாம் முடிந்த பிறகும் கண் மட்டும் வெறுமையாக இருக்கும். அதைத் தீட்ட நல்ல நேரம் பார்க்க வேண்டும். அதற்கு முன் பல மணி நேரம் சடங்குகள் நடக்க வேண்டும். நேரம் வந்ததும் விகாரையின் கதவு சாத்தப்படும். உள்ளே சித்தரா என்று அழைக்கப்படும் ஓவியரும் அவருடைய கூட்டாளிகளும் மட்டும் இருப்பார்கள். மற்றவர்கள் வெளிவாசலுக்கு நேரேகூட நிற்க மாட்டார்கள்.

சித்தரா சிலையின் முகத்தை நேரே பார்ப்பதில்லை. அதற்கு முதுகைக் காட்டி நிற்கிறார். எதிரே உள்ள கண்ணாடியைப் பார்த்தபடி, தோளுக்கு மேலாகவோ பக்கவாட்டிலோ தூரிகையைப் பின்னால் நீட்டிக் கண்ணைத் தீட்டுகிறார். முடிந்ததும் அவருடைய கண்ணைத் துணியால் கட்டி வெளியே அழைத்து வருவார்கள். கட்டு அவிழ்ந்ததும் அவர் பார்வை முதலில் விழும் பொருளை வாளால் வெட்டுவார். சிலையிடமிருந்து அவர் கண்ணில் ஏறிக்கொண்ட வேகம் அதோடு கழிந்துவிடும் என்பது நம்பிக்கை.

நேத்திர மங்கல்யம் என்ற இந்தச் சடங்கு பழையது. அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் 1660 இல் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679 இல் தப்பிப்போன ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட தன் நூலில் இதைத் தொட்டுச் செல்கிறார். கண் வைக்கும்வரை சிலை பட்டறையில் வெறும் உலோகக் கட்டியாகக் கிடக்கும். கண் வைப்பதற்குக் கைவினைஞருக்குத் தனி வெகுமதி உண்டு என்கிறார். 1908 இல் கண்டிநாட்டுக் கலைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமியும் இச்சடங்கை விரிவாகப் பதிவுசெய்தார். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தின் வழிவந்த அவர் அடிப்படையில் ஒரு புவிச்சரிதவியலாளர். இலங்கைக் கனிமவள ஆய்வின் பணிப்பாளராக ஊர் ஊராகப் போனபோதுதான் கண்டிக் கைவினைஞர்களோடு பழகினார். 1960களில் கண்டியை அண்டிய கிராமங்களில் கள ஆய்வு செய்த றிச்சர்ட் கொம்பிறிச், 1966 இல் வெளியான கட்டுரையில் கண்ணாடி பார்த்துத் தீட்டும் முறையை விளக்கியிருக்கிறார்.

நம் கோயில்களிலும் கண் திறத்தல் உண்டு. திறந்த கண்ணுக்குப் பசுவும் கன்றும், கன்னிப்பெண், கண்ணாடி முதலிய மங்கலங்களைக் காட்டுவார்கள். மூலவர் சுதைச் சிற்பமாக இருந்தால் தண்ணீர் ஊற்ற முடியாது. எதிரே கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் உருவத்துக்கு அபிஷேகம் செய்வார்கள். மரத்தாலான பூரி ஜகந்நாதருக்கும் அன்றாட நீராட்டு உலோகக் கண்ணாடியில் விழும் உருவத்துக்கே நடக்கிறது.

இவை எல்லாவற்றிலும் கண்ணாடி பார்க்கும் வேலை ஒன்றுதான். நேரே அணுகக் கூடாத, அல்லது அணுக முடியாத ஒன்றிடம் அது மனிதரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முகம் பார்ப்பதை மட்டும் மனதில் வைத்தால் கண்ணாடியின் பாதிக் கதை தவறிப்போகும். அந்தப் பாதியைக் கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் தாராளமாகக் காணலாம்.

கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறதா?

சிலையின் பார்வைக்கு ஏன் இந்தப் பயம்? பார்வை என்பது கண்ணிலிருந்து வெளியே பாய்ந்து எதிரே உள்ளதைத் தாக்கும் ஒன்று என்ற எண்ணமே காரணம். சிங்களத்தில் அதைப் பெல்ம என்பார்கள். கண்ணூறு, நாவூறு என்று நாம் குழந்தைக்குக் கன்னத்தில் பொட்டு வைப்பதும் அதே எண்ணத்தில்தான்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருகாலத்தில் இதுவே அறிவியல். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்று கிரேக்க மரபில் யூக்ளிட்டும் பின்னர் தொலமியும் கருதினார்கள். இந்தியாவில் நியாய தத்துவவாதிகளும் கண் தேயுவால், அதாவது ஒளியால் ஆனது என்றும், அதன் கதிர் வெளியே சென்று பொருளை அடைகிறது என்றும் வாதிட்டார்கள். கண்ணாடியில் முகம் தெரிவதற்கும் அவர்களிடம் விளக்கம் இருந்தது: கண்ணின் கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து முகத்தையே தொடுகிறது. இந்தக் கணக்குப்படி பார்த்தால் சித்தராவின் ஏற்பாடு மிகச் சரி. சிலையின் கண்ணிலிருந்து பாயும் கதிரை முதலில் வாங்குவது கண்ணாடி.

பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் இந்தத் திசையை மாற்றினார். வெயிலைப் பார்த்தால் கண் வலிக்கிறது. ஆகவே வெளியிலிருந்துதான் ஏதோ கண்ணுக்குள் வருகிறது. பொருளில் பட்ட ஒளி நாலாபுறமும் சிதறி, அதில் ஒரு பங்கு நம் கண்ணை அடைகிறது. கண்ணிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை.

ஆனால் கதிர் எத்திசையில் ஓடினாலும் கண்ணாடியின் விதி ஒன்றுதான். யூக்ளிட்டின் வடிவியல் அதனால்தான் இன்றும் செல்லுபடியாகிறது. கரம் பலகையின் விளிம்பில் பட்ட காய் எந்தச் சாய்வில் வந்ததோ அதே சாய்வில் மறுபுறம் போகிறது, ஒளியும் அப்படியே. படுகோணமும் தெறிகோணமும் சமம். இந்த விதிக்கு ஒரு பக்க விளைவு உண்டு. ஒளி போன வழியே திரும்பியும் வரலாம். என் கண்ணிலிருந்து கண்ணாடி வழியாக உங்கள் கண்ணுக்கு ஒரு பாதை இருந்தால், உங்கள் கண்ணிலிருந்து என் கண்ணுக்கும் அதே பாதை உண்டு. முன்னால் போகும் லொறியின் பக்கக் கண்ணாடியில் சாரதியின் முகம் நமக்குத் தெரியாவிட்டால் அவருக்கும் நம்மைத் தெரியாது என்று சொல்வது இதனால்தான்.

அப்படியானால் சித்தரா சிலையின் பார்வையிலிருந்து தப்பவில்லை. கண்ணாடியில் சிலையின் கண் அவருக்குத் தெரிகிறது என்றால், சிலைக்குப் பார்வை இருக்குமானால் அவருடைய கண்ணும் அதற்குத் தெரியும். மாறியது பார்வை நிகழும் இடம்தான். சிலை அவருக்குப் பின்னால் இருக்கிறது. அவர் பார்க்கும் உருவமோ கண்ணாடிக்கு அப்பால் இருப்பதாகத் தோன்றுகிறது. அந்த இடத்தில் ஒளி எதுவும் இல்லை; சுவரோ வெறும் இருட்டோதான். இப்படி ஒளி சென்று சேராத இடத்தில் தோன்றுவதை மாய விம்பம் என்கிறது பாடநூல்.

தூரமும் மாறுகிறது. சிலை முதுகுக்குப் பின்னால் அரை மீற்றரிலும், கண்ணாடி முகத்துக்கு முன்னால் அரை மீற்றரிலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சிலையிலிருந்து கண்ணாடிக்கு ஒரு மீற்றர், அங்கிருந்து கண்ணுக்கு அரை மீற்றர்: ஆக ஒளி ஒன்றரை மீற்றர் பயணம் செய்கிறது. அரை மீற்றரில் நேரே பார்த்தால் தெரிந்திருக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்காகவே சிலையின் கண் ஓவியருக்குத் தெரியும். வாழ்நாளில் தீட்டும் மிக முக்கியமான கோட்டை, மூன்று மடங்கு சிறியதாகப் பார்த்துத் தீட்ட வேண்டும்.

மாத்தளையும் நுவரெலியாவும்

இலங்கைப் பள்ளிப் பாடநூல்களில் நிலைக்கண்ணாடிக்குத் தளவாடி என்று பெயர். புடைத்தது குவிவாடி, குழிந்தது குழிவாடி. ஆடி என்ற பழஞ்சொல் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. பேச்சில் கண்ணாடி என்றால் யன்னல் கண்ணாடியும் மூக்குக்கண்ணாடியும்கூட. கண்டியின் சிங்களவர் முகம் பார்ப்பதும் கண்ணாடியவில்தான். சொல் தமிழிலிருந்து போனது.

கண்ணாடி இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றுகிறது என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். அப்படியானால் ஏன் மேல், கீழை மாற்றவில்லை? நிலைக்கண்ணாடி முன் தலைகீழாகத் தெரிபவர் யாரும் இல்லையே. கண்டி நகரின் திசைகளை வைத்து இதைத் தீர்க்கலாம். நகருக்கு வடக்கே மாத்தளை, தெற்கே நுவரெலியா, கிழக்கே மகியங்கனை, மேற்கே கடுகண்ணாவை. வடக்குச் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, மாத்தளைப் பக்கம் பார்த்து அதன் முன் நில்லுங்கள். கிழக்கே மகியங்கனைப் பக்கம் கையைக் காட்டினால் கண்ணாடியில் இருப்பவரும் மகியங்கனையையே காட்டுகிறார். மேற்கே காட்டினால் அவரும் மேற்கே. கூரையைக் காட்டினால் அவரும் கூரையை. இப்போது நேரே கண்ணாடியை நோக்கி, மாத்தளையைக் காட்டுங்கள். அவர் நுவரெலியாவைக் காட்டுவார்.

மாறுவது அந்த ஒரு திசைதான். தளவாடி தன் முகத்துக்குச் செங்குத்தான திசையை மட்டும் திருப்புகிறது, முன் பின்னாகிறது. இடம், வலம், மேல், கீழ் நான்கும் இருந்தபடியே இருக்கின்றன. பிறகு ஏன் இடம், வலம் மாறியதுபோல் தோன்றுகிறது? எதிரே நிற்கும் உருவத்தை நம்மைப் பார்க்கத் திரும்பி நிற்கும் ஒரு மனிதராக மனம் எடுத்துக்கொள்கிறது. மனிதர் திரும்பினால் அவருடைய இடம், வலம் இடம்மாறும். கண்ணாடி உருவம் திரும்பவில்லை. முன்பக்கம் பின்பக்கமாக உள்வெளி புரட்டப்பட்டிருக்கிறது. அதை ஒரு மனிதரோடு ஒப்பிடும்போது கைகள் மாறிவிட்டதாக நாம் கணக்குப் போடுகிறோம்.

எழுத்தும் அப்படித்தான். கடதாசியில் பெயரை எழுதிக் கண்ணாடிக்குக் காட்டினால் இடம் வலம் மாறித் தெரிகிறது. காட்டுவதற்காகக் கடதாசியைத் திருப்பியது நம் கை. கண்ணாடி போன்ற தெளிவான பொலித்தீன் தாளில் எழுதி, நீங்கள் வாசிக்கும் நிலையிலேயே, திருப்பாமல் முகத்துக்கு முன் பிடியுங்கள். தாளில் வாசிப்பதுபோலவே கண்ணாடியிலும் வாசிக்கலாம்.

இதைக் கொண்டு சித்தராவின் கையைப் பின்தொடரலாம். சிலை கிழக்குப் பார்த்திருக்கிறது. அதற்கு முதுகு காட்டி நிற்பவரும் கிழக்கேதான் பார்க்கிறார். ஆகவே சிலையின் வலக்கண் இருப்பது ஓவியரின் வலப்பக்கத்தில். கண்ணாடியிலும் அது அவருடைய வலப்பக்கத்திலேயே தெரியும். கையை வலமாக நகர்த்தினால் தூரிகை வலமாகப் போவது தெரியும், உயர்த்தினால் உயரும். புருவத்தின் வளைவிலோ இமையின் நீளத்திலோ அவருக்குக் குழப்பம் வர வேண்டியதில்லை. குழப்பம் வருவது தூரிகையைச் சிலைமேல் வைக்கும் அந்தக் கணத்தில். கை பின்னோக்கி வருகிறது. கண்ணாடியிலோ தூரிகை முன்னோக்கி, தன்னைவிட்டு விலகிப் போகிறது. எவ்வளவு அழுத்துகிறோம், எப்போது தொடுகிறோம் என்பதில்தான் கண்ணும் கையும் முரண்படுகின்றன. கண்மணியின் புள்ளியைத் தீட்ட அதுதான் மிக அவசியம்.

கைக்குத் தனி நினைவு

இந்த முரண்பாட்டை உளவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாகச் சோதித்து வருகிறார்கள். மேசையில் ஒரு நட்சத்திரம் இரட்டைக் கோட்டில் வரைந்திருக்கும். இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலால் ஓட்ட வேண்டும். கை நேரே தெரியாதபடி ஒரு மறைப்பு. எதிரே நிற்கும் கண்ணாடியைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். இடம் வலமாகப் போகும் பகுதியில் அவ்வளவு சிரமம் இருக்காது. தன்னை நோக்கியும் விலகியும் போகும் பகுதியில் பென்சில் தடுமாறும். மூலையில் சாய்ந்து திரும்பும் இடத்தில் கை அப்படியே நின்றுவிடும். ஆனால் சில தடவை செய்தால் படிந்துவிடுகிறது.

இந்த எளிய சோதனை மூளையைப் பற்றி ஒரு பெரிய உண்மையை வெளிக்கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஹென்றி மொலைசனுக்கு 1953 இல் வலிப்புநோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வலிப்பு குறைந்தது; ஆனால் அன்றிலிருந்து புதிய எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. கனடாவின் மொன்றியலில் பணியாற்றிய பிறெண்டா மில்னர் அவருக்குக் கண்ணாடி நட்சத்திரத்தைக் கொடுத்து மூன்று நாள் வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் இதற்குமுன் செய்ததே இல்லை என்பார் மொலைசன். ஆனால் பிழைகள் நாளுக்கு நாள் குறைந்தன. மூன்றாம் நாள் கை சரளமாக ஓடியது. 1962 இல் வெளியான இந்த முடிவு, நடந்ததை நினைவுகொள்வதும் கை பழகுவதும் மூளையில் வெவ்வேறு இடங்களின் வேலை என்பதைக் காட்டியது.

கண்டியிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் இந்தக் கைப்பழக்கத்தை ஆண்டுதோறும் ஒரு வகுப்பே கற்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடம் நீண்ட காலம் நாட்டின் ஒரே பல் மருத்துவ பீடமாக இருந்தது. மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லின் பின்புறத்தை எவரும் நேரே பார்க்க முடியாது. இடக்கையில் காம்பு வைத்த சிறு கண்ணாடியைப் பிடித்து, அதில் பல்லைப் பார்த்து, வலக்கையால் துளைகருவியை ஓட்ட வேண்டும். கண்ணாடி சாய்ந்திருப்பதால் புரளும் திசையும் சாய்கிறது. உள்ளே தள்ளுவது மேலே போவதுபோல் தெரியலாம். நோயாளியின் வாயைத் தொடுவதற்கு முன் மாணவர்கள் பொம்மைத் தலையில் இதைப் பழகுகிறார்கள். சடங்கும் மந்திரமும் நீங்கலாகப் பார்த்தால் கண்டி விகாரை ஓவியர் வழிவந்த சித்தராவும் பேராதனை மாணவியும் கற்பது ஒரே வித்தை.

பளபளப்பு என்பது என்ன?

பல் வைத்தியரின் கண்ணாடிக்கும் வீட்டுக் கண்ணாடிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டுக் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் விரல் நுனிக்கும் விம்பத்தின் விரல் நுனிக்கும் இடையே ஓர் இடைவெளி தெரியும். பூச்சு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதே காரணம். நான்கு மில்லிமீற்றர் தடித்த கண்ணாடியில் அந்த இடைவெளி ஐந்து மில்லிமீற்றர் அளவுக்குத் தோன்றும். அதோடு கண்ணாடியின் முன்முகமும் தன் பங்குக்கு நூற்றுக்கு நான்கு வீதம் ஒளியைத் தெறிக்கிறது; அதனால் மங்கலான இரண்டாவது விம்பம் ஒன்றும் கூடவே வரும். பல்லில் நூலளவு வெடிப்பைத் தேடுபவருக்கு இரட்டை விம்பம் ஆகாது. எனவே நல்ல பல் கண்ணாடியில் உலோகப் பூச்சு முன்முகத்திலேயே இருக்கும்.

கண்ணாடி வருவதற்கு முன் உலகம் முழுதும் இருந்தவை இப்படி முன்முகம் காட்டியவைதான். துருக்கியின் சாத்தல்ஹூயூக்கில் எரிமலைக் கருங்கண்ணாடியைத் தேய்த்துச் செய்த ஆடிகள் ஏறக்குறைய எட்டாயிரம் ஆண்டுப் பழமையானவை. பின்னர் செம்பும் வெண்கலமும் வந்தன. கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடி இந்த மரபின் உச்சம். செம்போடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் கலந்தால் மஞ்சள் நிறம் போய் வெள்ளிபோல் வெளுத்த கலவை கிடைக்கும். தட்டினால் நொறுங்கும் அளவுக்குக் கடினம். ஆனால் தேய்த்தால் குறையில்லாத மெருகு ஏறும். விரலை வைத்தால் விம்பத்தின் விரலோடு நுனி முட்டும்.

கண்டியைச் சுற்றிப் பித்தளை வேலை செய்யும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே துலக்கி வைத்த குத்துவிளக்கில் முகம் தெரியும், ஆனால் மஞ்சளாக. உலோகத்துக்குள் கட்டுப்படாமல் திரியும் இலத்திரன்கள் வந்துவிழும் ஒளி அலையோடு சேர்ந்து ஆடி, அதே ஒளியைத் திருப்பி வீசுகின்றன. செம்பும் பித்தளையும் நீலப் பக்கத்து ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால் மீதி மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாக, நூற்றுக்கு 95 வீத அளவில் திருப்பிவிடும். அலுமினியம் 90 வீத அளவில். பழைய வெண்கல ஆடிகள் 65 வீதத்தைத் தாண்டுவது கடினம்.

உலோகம் இருந்தால் மட்டும் போதாது. மேடு பள்ளம் இருக்கக் கூடாது. எவ்வளவு? மேற்பரப்பின் சொரசொரப்பு ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது இயற்பியலாளர் றேலியின் அளவுகோல். பச்சை ஒளிக்கு அது 70 நனோமீற்றர் அளவு, தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுவரில் இந்த நேர்த்தி எப்படிச் சாத்தியம் என்று கேட்கத் தூண்டுவது சிகிரியாவின் கண்ணாடிச் சுவர். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வழியாகப் போனால், ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் எழுப்பிய குன்றுக் கோட்டை. ஏறும் வழியில் சுண்ணச் சாந்து பூசி மெருகேற்றிய நெடுஞ்சுவர் அது. சுண்ணாம்பு உலோகம் இல்லை. ஆனால் றேலியின் கணக்கில் ஒரு சலுகை இருக்கிறது. சரிவாகப் பார்க்கும்போது அனுமதிக்கப்படும் சொரசொரப்பு கூடுகிறது. மேற்பரப்பை உரசிச் செல்லும் பார்வைக்கு, நேரே பார்ப்பதைவிடப் பல மடங்கு கரடான சுவரும் பளபளக்கும். ஒடுங்கிய நடைபாதையில் சுவரை ஒட்டி நடப்பவர் அதைச் சரிவாகத்தான் பார்க்கிறார். பின்னாளில் அந்த மெருகு வேறு விதமாகப் பயன்பட்டது. குன்றைப் பார்க்க வந்தவர்கள் அதன்மேல் கவிதை கீறினார்கள். அவற்றில் 685 ஐப் படித்துப் பதிப்பித்த செனரத் பரணவிதானவின் நூல் 1956 இல் வந்தது.

சரிவுப் பார்வையின் சலுகையைத் தண்ணீரும் அனுபவிக்கிறது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயல்வெளியை அணைகட்டி உண்டாக்கிய வாவியைக் கரையிலிருந்து பாருங்கள். தூரத்து நீரில் மலையும் மரமும் தலைகீழாகத் துலங்கும். காலடி நீரில் மீன் தெரியும். நேர்கீழே பார்க்கும்போது தண்ணீர் இரண்டு வீத ஒளியைத்தான் தெறிக்கிறது. செங்குத்திலிருந்து 60 பாகை சரிந்தால் 6 வீதம், 80 பாகையில் 35 வீதம், 85 பாகையில் பாதிக்கு மேல். கரையில் நிற்பவரின் பார்வை இருபது மீற்றர் தூரத்து நீரைத் தொடுவது ஏறக்குறைய அந்தக் கடைசிக் கோணத்தில்.

இன்று நாம் சுவரில் மாட்டியிருப்பது ஐரோப்பாவில் பிறந்த வகை. வெனிசின் முரானோத் தீவுக் கைவினைஞர்கள் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளீயத் தகட்டையும் இரசத்தையும் சேர்த்து ஒட்டினார்கள். இரச ஆவி வேலைசெய்தவர்களின் உடம்பைக் கெடுத்தது. 1835 இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், வெள்ளிக் கரைசலிலிருந்து மெல்லிய வெள்ளிப் படலத்தைக் கண்ணாடிமேல் படியச்செய்யும் முறையைக் கண்டார். கண்ணாடி மலிவாகி வீட்டுக்கு வீடு வந்தது அதன் பிறகுதான். நூற்றாண்டுகள் போன பின்னும் ‘ரசம் போன கண்ணாடி’ என்ற பேச்சு மட்டும் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது.

கண்ணாடிக்கு நிறம் இருக்கிறதா? முடிவெட்டும் சலூனில் முன்னும் பின்னும் கண்ணாடி எதிரெதிராக மாட்டியிருக்கும். உருவத்துக்குள் உருவமாக அது உள்ளே உள்ளே போகும்போது கடைசி உருவங்கள் பச்சையாக இருளும். சாதாரணக் கண்ணாடியில் கலந்திருக்கும் சிறிதளவு இரும்பு மற்ற நிறங்களை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக விழுங்கி, பச்சையை மட்டும் தாராளமாக விடுகிறது. ஒரே தெறிப்பில் தெரியாத இந்தச் சாயல் பத்து இருபது தெறிப்பில் தெரிந்துவிடும்.

குகையும் வளைவும்

1867 இல் கண்டிக்கு வந்த ரயில் பாதை கடுகண்ணாவைச் சரிவில் பல குகைகளைத் துளைத்து ஏறுகிறது. யன்னல் கண்ணாடியை மூடி உட்கார்ந்திருந்தால் அதன் வழியே அலகல்லை மலையும் பள்ளத்தாக்கும் தெரியும். குகைக்குள் நுழைந்ததும் அதே கண்ணாடியில் உங்கள் முகம். கண்ணாடி எதையும் புதிதாகச் செய்யவில்லை. அதன் இரு முகங்களும் சேர்ந்து எட்டு வீத அளவு ஒளியை எப்போதும் தெறித்துக்கொண்டுதான் இருந்தன. பள்ளத்தாக்கின் வெயிலில் அது அமுங்கிக் கிடந்தது. வெளியே இருட்டியதும் பெட்டிக்குள் எரியும் விளக்கொளியில் அந்த எட்டு வீதம் மேலெழுந்துவிட்டது.

மலைநாட்டு வீதிகளில் கண்ணாடி உயிர் காக்கும் பொருள். பாறையைச் சுற்றித் திரும்பும் வளைவில், எதிரே வரும் பஸ்ஸைப் பாறை மறைக்கிறது. வளைவின் வெளி ஓரத்தில் கம்பத்தில் நிற்கும் குவிவாடி மறுபக்கத்தைக் காட்டுகிறது. புடைத்த முகம் அகன்ற வெளியைச் சிறு வட்டத்துக்குள் அடக்கிவிடும். அதற்கு விலை, அளவு சுருங்குவது. வளைவு ஆரை இரண்டு மீற்றர் உள்ள குவிவாடிக்கு 20 மீற்றர் முன்னால் மூன்று மீற்றர் உயரப் பஸ் நிற்கிறது என்றால், அதன் விம்பம் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மீற்றருக்குள்ளேயே, 14 சென்ரிமீற்றர் உயரத்தில் உருவாகும். சிறியது தொலைவில் இருக்கிறது என்றே மனம் படித்திருக்கிறது. அதனால் பஸ் இன்னும் தூரத்தில் வருகிறது என்று புதிய சாரதி ஏமாறுவார். பழகியவர் குவிவாடியைப் பார்த்து ‘ஏதோ வருகிறது’ என்பதை மட்டும் எடுத்துக்கொள்வார். தூரத்தை அதனிடம் கேட்க மாட்டார்.

எட்டாத முகம்

பாறைக்கு அப்பால் வரும் பஸ், கடைவாய்ப் பல்லின் பின்புறம், பார்க்கக் கூடாத சிலையின் முகம் என்ற இந்தப் பட்டியலில் நம் முகமும் சேர்கிறது. ஒருவர் தன் வாழ்நாளில் நேரே பார்க்கவே முடியாத முகம் ஒன்று உண்டென்றால் அது அவருடைய முகம்தான். கண்ணாடியில் நாள்தோறும் பார்த்துப் பழகியது முன்பின் புரட்டிய உருவத்தை. மற்றவர்கள் பார்ப்பது வேறொன்றை. 1977 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மாணவியரின் புகைப்படத்தை உள்ளபடி ஒன்றும் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டி ஒன்றுமாக அச்சிட்டுக் காட்டினார்கள். மாணவியர் பெரும்பாலும் புரட்டிய படத்தை விரும்பினார்கள். அவர்களுடைய சிநேகிதர்களுக்கு உள்ளபடி எடுத்த படம்தான் பிடித்திருந்தது. செல்பியில் மூக்குக் கோணலாகத் தெரிவதாகக் குறைபடுவோருக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

மற்றவர்கள் பார்க்கும் முகத்தைப் பார்க்க வழி உண்டு. இரண்டு சிறு கண்ணாடிகளைப் புத்தகம் விரித்ததுபோல் செங்கோணத்தில் நிறுத்தி, சேரும் மூலையை நேரே பாருங்கள். ஒளி இரண்டு கண்ணாடியிலும் ஒவ்வொரு தடவை தெறிப்பதால் முதல் புரட்டலை இரண்டாவது புரட்டல் சரிசெய்துவிடும். வலக்கண்ணைச் சிமிட்டினால், எதிரே இருப்பவரும் தன் வலக்கண்ணைச் சிமிட்டுவார். புகைப்படத்தில் வரும் முகம் அசையும் உருவமாக அங்கே இருக்கும்.

அப்படியே ஒரு சீப்பை எடுத்துத் தலையை வாரிப் பாருங்கள். வகிடு எந்தப் பக்கம் என்று தெரியும், இரண்டு தெறிப்பின் கணக்கும் தெரியும். ஆனாலும் சீப்பு எதிர்ப்பக்கமே போகும். காரணம் விளங்கியதால் கை திருந்திவிடாது. பேராதனை மாணவியைப் போல, நட்சத்திரம் வரைந்த மொலைசனைப் போல, அது செய்து செய்துதான் பழக வேண்டும்.